தபசில் கட்டாத தாலி

ஓலை வாசித்த காலம் நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லவேண்டியது என்று அறிவிப்பார். மூன்று ஞாயிறு இப்படி அறிவித்த பிறகுதான் தாலி. அதற்கு ஓலை என்று பெயர். கையில் ஓலையும் இருக்காது, ஒன்றும் இருக்காது. இப்போது கோயில் சுவரில் ஒரு திரையை மாட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டு வரிக்கும், யாரோ வழியை மறித்து நிறுத்திவிட்டுப் போன காரின் நம்பருக்கும் நடுவே கல்யாண அறிவிப்பும் ஓடி மறைந்துவிடுகிறது.

போன வருஷம் சாம்பல் புதனன்று என் பேத்தியைக் கேட்டேன், உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுக்கு எதை விடப்போகிறாய் என்று. பேஸ்புக்கை விடப்போகிறாளாம். நல்ல காரியம் என்று சொன்னேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எங்கள் வீட்டில் தபசுக்கு விட ஒன்றுமே மிச்சமில்லாத ஒரு வருஷம் இருந்தது. அவளுக்கு அதைச் சொன்னால் பாட்டி ஆரம்பித்துவிட்டாள் என்பாள். நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

பாடாங் செராய்க்கு உள்ளே, மண்சாலையில் நடந்து போகவேண்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. அப்பாவுக்குப் புகைக் கொட்டகையில் வேலை. ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கி, மூங்கில் கழியில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவார்கள். அப்பாவின் கண் எந்நேரமும் சிவந்திருக்கும். சட்டை, தலைமுடி, செபப்புத்தகம் எல்லாவற்றிலும் அந்தப் புகை வாசம். இன்றும் எங்கேயாவது ஈர விறகு புகைந்தால் எனக்கு முதலில் வாயில் வருவது பரலோக மந்திரம்தான்.

அந்த அப்பாதான் தோட்டத்துக் கத்தோலிக்க வேதக்காரர்களுக்கு உபதேசியாரும். பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். ஜப்பான்காரன் வருவதற்கு முன் மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து பூசை வைப்பார். ஜப்பான்காரன் வந்தபிறகு தோட்டங்களுக்குள் போகக்கூடாது என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். கடைசியாக வந்தபோது அப்பாவைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் வர முடியாத காலத்தில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடும், செத்தவர்களை அடக்கம் செய்யும், ஓலை வாசித்து இரண்டு சாட்சிகளை வைத்துக் கல்யாணமும் நடத்திவையும் என்றார். அன்றோடு அப்பாவின் முகத்தில் சிரிப்பு குறைந்துபோனது. ஒரு தோட்டத்து மனிதர் தலையில் திருச்சபை மொத்தத்தையும் இறக்கி வைத்ததுபோல நடந்துகொண்டார். அம்மா ஜாடையாகச் சொல்வாள், "போப்பாண்டவரு சாப்புட வந்துட்டாரு, கெழங்க எறக்கு" என்று.

எங்கள் கோயில் பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. மூக்கில் வர்ணம் உரிந்த தேவமாதா சுரூபம் ஒன்று. வாசலில் ரம்புத்தான் மரத்தில் ஒரு துண்டு ரயில் தண்டவாளம் தொங்கும், அதுதான் மணி. அதை அடிக்கிறவரை மணிக்கார அண்ணன் என்போம். தாய் தகப்பன் இல்லாதவர், வேறு தோட்டத்திலிருந்து வந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். மணியைத் தாளம் தப்பாமல் அடிப்பார். பாட்டில் மட்டும் ஆண்டவர் அவருக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டார். குரல் பெரிது, ராகம் கிடையாது. அவர் பாடத் தொடங்கினால் எங்கள் வரிசையில் ஒருத்தி முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்குவாள். அவள் என் அக்கா. அவரைத்தான் அம்மா அக்காவுக்குப் பார்த்திருந்தாள்.

பசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அரிசி என்பதே திருநாள் சமாச்சாரம் ஆகிவிட்டது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, சாயங்காலம் அதன் இலை. காலில் ஆறாத புண். கோணிச் சாக்கில் துளை போட்டுச் சட்டை, உட்கார்ந்தால் தொடையெல்லாம் தடிப்பு. இதெல்லாம் பழகிப்போனது. பழகாதது சயாம்.

முதல் தடவை ஆள் எடுத்தபோது, சயாமில் ரயில் பாதை போடும் வேலை, சோறு உண்டு, சீக்கிரம் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். போனவர்களில் ஒருவரும் வரவில்லை. பிறகு யாரும் நம்பிப் போகத் தயாராக இல்லை. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஜப்பான்காரன் கேட்பான், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான பெரிய கிராணி ஆளைப் பொறுக்கி லாரியில் ஏற்றவேண்டும். கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டு இளவட்டங்களைத்தான் எடுக்கிறார்கள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேச்சு. எங்கள் தோட்டத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

அதனால் அந்த மார்கழியிலேயே மாரியம்மன் கோயிலில் தாலி ஏறத் தொடங்கிவிட்டது. மார்கழியில் கல்யாணமா என்று ஒரு கிழவர் கேட்டதற்குப் பூசாரி, "ஆபத்துக்குப் பாவம் இல்ல" என்று சொல்லி வாயை அடைத்தாராம். பக்கத்து வீட்டு அத்தை தன் மகனுக்கு அப்படித்தான் கட்டிவைத்தாள். மேளம் கிடையாது. கரும்புச் சாற்றைக் காய்ச்சி ஊற்றிய மரவள்ளிப் பாயசம் கொடுத்தார்கள். நான் கிண்ணத்தை நக்கி வைத்ததற்கு அம்மா தொடையில் கிள்ளினாள்.

அம்மாவும் அப்போதிலிருந்துதான் அவசரப்பட்டாள். முதல் ஓலையை அப்பா வாசித்தபோது, தன் மகள் என்பதால் குரலை வேண்டுமென்றே விறைப்பாக வைத்துக்கொண்டார். யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்டதும் மணிக்கார அண்ணனின் கூட்டாளி ஒருவர், "இவன் பாட்டுத்தான் தடை" என்று முணுமுணுக்க, கோயிலே சிரித்துவிட்டது. அப்பா நிமிர்ந்து பார்த்தபிறகுதான் அடங்கியது. இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு ஜப்பான்காரன் எல்லோரையும் கிழங்கு நட மேட்டுக்கு ஓட்டிவிட்டான். அன்றைக்குச் செபமும் இல்லை, ஓலையும் இல்லை. அந்த வாரமே சாம்பல் புதன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அம்மா கிழங்கு உரித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"என்னாங்க, ரெண்டு ஓலைதான் வாசிச்சாச்சே. நாளைக்கே கட்டி வச்சிருங்க. புதன்கெழம தபசு பொறக்குது."

"மூணு ஓலை வாசிக்காம கட்டக் கூடாது."

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழம மூணாவதையும் வாசிச்சிட்டு திங்கக்கெழம கட்டுங்க."

"அது தபசுக்குள்ளலா வருது. தபசுல கல்யாணம் இல்ல. பாஸ்கா முடியட்டும்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஜப்பான்காரனுக்குத் தபசு தெரியுமாங்க?"

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "வெள்ளைக்காரன் ஓடிட்டான். அரிசி போச்சு, துணி போச்சு. சாமியாரு வர முடியல, பூசையும் போச்சு. நமக்குன்னு மிச்சம் இருக்கறது இந்தச் சட்டம் ஒண்ணுதான். இதையும் நானே ஒடச்சிட்டேன்னா, நாளைக்குச் சாமியாரு மொகத்துல எப்படி முழிப்பேன்? அடுத்தவன் மகளுக்கு இல்லன்னு சொல்லிட்டு எம்மகளுக்கு மட்டும் எப்படிக் கட்டுவேன்?"

அதற்கு முந்தின வருஷத் தபசில் வேறொரு குடும்பத்துக்கு அவர் அப்படித்தான் இல்லை என்று சொல்லியிருந்தார். அந்த மாப்பிள்ளை ஆள் எடுப்பில் சிக்காமல் பிழைத்துக்கொண்டான், பாஸ்கா முடிந்து கல்யாணமும் நடந்தது. அதுவே அவருக்குப் பெரிய அத்தாட்சியாகப் போயிற்று.

அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் அதிகம் பேசாதவள். அன்று ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, தபசுல கட்டுனா பாவமா? இல்ல, அது நம்ம வழக்கம் இல்லையா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அப்பா.

அவள் திரும்பி அடுப்பை ஊதினாள். இத்தனை வருஷம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், பெரிய பெரிய படிப்புப் படித்த சாமியார்களின் வாயால். அடுப்படியில் நின்று அக்கா கேட்ட கேள்விக்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் வேலி ஓரமாக வந்து அம்மாவிடம் சொன்னாள். "எங்க மாரியம்மன் கோயில்ல வந்து கட்டிக்கிட்டுப் போவட்டும். பிற்பாடு ஒங்க சாமிக்கிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லிக்கிடலாம்லா. அவரு கோவிச்சுக்க மாட்டாரு." அம்மாவுக்கு மனம் ஆடியது. உபதேசியார் மகள் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் அப்பா உயிரை விட்டுவிடுவார் என்றும் அவளுக்குத் தெரியும். கடைசியில் மணிக்கார அண்ணனையே கேட்டாள். அவர் மண்டையைச் சொறிந்துகொண்டு, "உபதேசியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை. பாஸ்கா என்னா, கண்ண மூடித் தெறந்தா வந்துரும்" என்றார்.

மூன்றாம் ஓலை தபசின் முதல் ஞாயிறு வாசிக்கப்பட்டது. கோயிலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

தபசுக்கு எதை விடுவது என்று அந்த வருஷம் பெரிய குழப்பம். கறியும் மீனும் தாமாகவே எங்களை விட்டுவிட்டுப் போய் வெகுகாலம். அப்பா யோசித்து யோசித்து உப்பை விட்டார். உப்புக்கு அப்போது எவ்வளவு கிராக்கி என்று உங்களுக்குத் தெரியும். தன் பங்கு உப்பை ஒரு சிரட்டையில் தனியாக எடுத்துவைத்தார், பாஸ்காவன்று இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காக. உப்பில்லாத கிழங்கை அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். பாஸ்காவுக்கு இரண்டு வாரம் முந்தின பாடுகளின் ஞாயிறு வந்ததும் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடவேண்டும். துணிக்கு எங்கே போவது? காயவைத்திருந்த மங்குஸ்தீன் தோலைக் கொதிக்கவைத்து, அம்மாவும் அக்காவும் கோணிச் சாக்கை முக்கி எடுத்தார்கள். ஊதாவும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம் வந்தது. சாக்குக்குள் தேவமாதாவைப் பார்த்தபோது எங்களைப்போலவே இருந்தாள். அக்காவின் கையில் அந்தச் சாயம் நகக்கண்ணில் ஏறிப் போகவே இல்லை.

அப்பாவை யாரும் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் மணிக்கார அண்ணனை வீட்டுக்கு அழைத்துவந்து தன் தட்டிலிருந்து கிழங்கை எடுத்துக் கொடுப்பார். கல்யாணச் சேலையைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காட்டச் சொல்லி அம்மாவுக்கு ஞாபகப்படுத்துவார். ஜப்பான் சண்டைக்கு முன்பே வாங்கி வைத்த சேலை அது, வெள்ளையில் சரிகைக்கரை. பாஸ்காவை அக்காவைவிட அவர்தான் அதிகமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

பாஸ்காவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பெரிய வியாழக்கிழமை காலை, லாரி வந்துவிட்டது.

விடிந்தும் விடியாமலும் மேஸ்திரியான தண்டல் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பிரட்டு என்போமே, அந்தத் திடலை ஒட்டித்தான் ஆயாக் கொட்டகை. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் பெண்கள் பால் வெட்டுக்குப் போவார்கள். நான் அந்தக் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஜப்பான் சிப்பாய். பெரிய கிராணி ஒவ்வொரு இளவட்டமாகக் கையைக் காட்டி ஒதுக்கினார். பக்கத்து வீட்டு அத்தை மகன் முறை வந்தது. அவன் பெண்சாதி தாலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கிராணி அவனைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்தது மணிக்கார அண்ணன்.

யாரோ சொல்லி அப்பா புகைக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"ஐயா, அவன் எம்மருமவன்."

கிராணி திரும்பிப் பார்த்தார். "தாலி கட்டியாச்சா, உபதேசியாரே?"

அந்தக் கிராணி கெட்டவர் இல்லை. கேட்கும்போதே ஆமாம் என்று சொல்லும் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தார். எட்டு வயதுப் பிள்ளையான எனக்கே அது புரிந்தது. சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் காட்டிக்கொடுக்கிறவர் இல்லை. அப்பா வாயைத் திறந்தார், மூடினார். கை இடுப்பில் செருகியிருந்த செபமாலைக்குப் போனது.

"இன்னும் இல்லைங்க. ஓலை மூணும் வாசிச்சாச்சு. பாஸ்கா முடிஞ்சதும் கட்டறதா இருக்கு."

கிராணி தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நான் என்னா செய்ய முடியும்?"

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா வரிசையை விட்டு வீட்டுக்கு ஓடினாள். அவிந்த கிழங்கை வாழையிலையில் சுருட்டி எடுத்து வந்தாள். இலை ஓரத்தில் ஒரு குத்து உப்பு. அப்பா தபசுக்காக ஒதுக்கி வைத்திருந்த சிரட்டை முழுவதையும் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த மணிக்கார அண்ணன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "வேலைக்குப் போவாம நிக்கிறியே, தண்டலு ஏசப் போறாரு" என்றார். அவர்கள் இருவரும் எல்லோருக்கும் முன்னால் பேசியது அது ஒன்றுதான். பிறகு அப்பாவைப் பார்த்து, "வர்றேன் மாமா" என்றார். அதுவரை அவர் அப்பாவை உபதேசியாரே என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

லாரி சுங்கைப்பட்டாணிப் பக்கம் திரும்பியது. பெண்கள் வெட்டுக்குப் போனார்கள். அக்காவும் போனாள்.

பெரிய வெள்ளியன்று வியாகுலப் பாட்டை அப்பா தனியாகவே பாடி முடித்தார். பாஸ்காவன்று தண்டவாளத்தை அவரே அடித்தார், எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார். அல்லேலூயா என்று தொடங்கும்போது குரல் உடைந்தது. எடுத்துக்கொடுக்க அந்தப் பெரிய குரல் இல்லை. முக்காட்டுக்குள் யாரும் குலுங்கவும் இல்லை. கொஞ்ச மாதம் கழித்து எனக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியபோது, அம்மா கல்யாணச் சேலையை மலாய்க்காரர் கிராமமான கம்போங்கில் கொடுத்து அரிசியும் தேங்காயெண்ணெயும் வாங்கி வந்தாள். பெட்டியிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தது அக்காதான் என்று பிற்பாடு அம்மா சொன்னாள். அந்தக் கஞ்சியில் பிழைத்தவள்தான் நான்.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் இதையும் சொல்லவேண்டும். அதற்கடுத்த தடவை ஆள் எடுத்தபோது கல்யாணம் ஆனவர்களையும் விடவில்லை. தாலி கட்டியிருந்தால் மணிக்கார அண்ணன் கடைசிவரை தப்பியிருப்பார் என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வியாழக்கிழமை தப்பியிருப்பார். பக்கத்து வீட்டு அத்தை மகன் பேரன் பேத்தி எடுத்துத்தான் செத்தான்.

ஜப்பான்காரன் போனபிறகு சயாமிலிருந்து ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், கால் இரண்டும் வீங்கி, எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். மணிக்கார அண்ணன் மழைக்காலத்தில் காலராவில் போய்விட்டதாகச் சொன்னார். "செத்தவங்களப் பொதைக்கயில அவன்தான் செபம் சொல்லுவான். பாடவும் பாடுவான். வாய மூடுடான்னு நாங்க ஏசுவோம். கேக்க முடியாது அந்தப் பாட்ட" என்றார். அக்கா அதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை, நின்றபோது அழுகையாக மாறியிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு வெள்ளைக்காரச் சாமியாரும் வந்தார், அதே சைக்கிளில், தலை முழுக்க நரைத்து. தோட்டமே பாவத்தைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை கட்டியது. அக்கா எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். சாயங்காலம் சாமியார் எங்கள் வீட்டில் கோப்பி குடித்தார். அப்பா உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் கேட்டார். "நான் செஞ்சது சரிதானுங்களா சாமி?"

சாமியார் கோப்பியைக் கீழே வைத்தார். "நீர் திருச்சபைக்குக் கீழ்ப்படிய நினைத்தீர், உபதேசியாரே. ஆண்டவர் அதைக் காண்கிறார்" என்றார். வெள்ளைக்காரர்களின் புத்தகத் தமிழ். அப்பா முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அன்றிலிருந்து அவர் பழையபடி தூங்கினார், சாப்பிட்டார், பிள்ளைகளோடு சிரிக்கவும் செய்தார்.

அக்கா தனக்கு வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்றாள். அம்மா போனபிறகு அப்பாவை அவளே வைத்துப் பார்த்துக்கொண்டாள், முதலில் தோட்டத்தில், பிறகு பாடாங் செராயில் ஒரு சின்னப் பலகை வீட்டில். அப்பா வயதான காலத்தில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். கீழ்ப்படிதல் பற்றிய பாடம் வந்தால் போதும், தபசை மதித்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஜப்பான்காரன் காலத்திலேயே நாங்கள் திருச்சபைச் சட்டத்தை மீறவில்லை, சொந்த மகள் விஷயத்தில்கூட மீறவில்லை என்பார். அக்கா அதே அறையில் இருப்பாள். கதை தொடங்கியதும் எழுந்து போய்ப் பிள்ளைகளுக்குக் கோப்பி கலக்குவாள். எனக்கே பல தடவை அப்பாவின் வாயைப் பொத்தவேண்டும்போல இருக்கும். அவர் நிம்மதியாகத்தான் செத்தார், அக்காவின் மடியில்.

இனி நான் சொல்லப்போவது அதற்கு நாலைந்து வருஷம் கழித்து நடந்தது. என் இளைய மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை. லீவு முடிந்து பாஸ்காவுக்கு முன்னாலேயே கப்பல் ஏறவேண்டும், போனால் வர வெகுநாளாகும். நான் பங்குச் சாமியாரிடம் போய் வருத்தத்தோடு சொன்னேன், இடையில் தபசு வந்துவிட்டது, அடுத்த லீவுக்குத்தான் வைக்கவேண்டும் என்று. இந்தச் சாமியார் நம் தமிழ்ப் பையன், புதிதாகக் குருப்பட்டம் பெற்று வந்தவர்.

"ஏம்மா தள்ளிப் போடறீங்க? தபசுல வைக்கலாமே. பூ அலங்காரம், மேளதாளம், பெரிய விருந்து இதெல்லாம் வேணாம். அவ்வளவுதான்."

"இப்ப மாத்திட்டாங்களா சாமி?"

"மாத்தலம்மா. ஆடம்பர ஆசீர்வாதம் தபசுல கூடாதுன்னுதான் அப்பவும் சட்டம். கல்யாணம் கூடாதுன்னு என்னிக்குமே இருந்ததில்ல. சனங்க அப்படி நெனச்சுக்கிட்டாங்க."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என்ன தெரியும், பாவம். எழுந்து வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே பாடாங் செராய் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அப்பாவைத் திட்டிக்கொண்டு போனேன், செத்த மனிதரை, வாய்விட்டு. பக்கத்து சீட்டில் இருந்த மலாய்க்கார அம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

அக்கா பின்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கச் சாமியார் சொன்னதை எல்லாம் கொட்டினேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும் பாப்பா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"வெள்ளைக்காரச் சாமியாரு திரும்பி வந்த அன்னைக்கே, பாவசங்கீர்த்தனத்துல கேட்டுட்டேன். தபசுல கட்டியிருந்தா பாவமா, வழக்கம் இல்லையான்னு. பாவம் இல்லன்னுட்டாரு. ரெண்டு சாச்சி போதும், வீட்டுலயே கட்டியிருக்கலாம்னாரு. சொல்லிட்டு அவரும் அழுதாரு. சாயங்காலம் எங்கப்பா கேப்பாரு, அவருக்கிட்ட இத மட்டும் சொல்லிராதீங்க சாமின்னு நான்தான் கெஞ்சிக்கிட்டேன்."

அப்பா சாகிற வரைக்கும் அவருக்குச் சோறு போட்டவள். அந்தக் கதையை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டவள்.

"ஒனக்குக் கோவமே வரலையாக்கா?"

"வராம? ஒவ்வொரு தடவ அந்தக் கதைய எடுக்கயிலயும் சொல்லிரலாமான்னு வாய் வரைக்கும் வரும். அதான் எந்திரிச்சுப் போயிருவேன்." முறத்தைத் தட்டிக் கீழே வைத்தாள். "சொல்லியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். அவரு அன்னைக்கே செத்துருப்பாரு. ஒரு சாவு போதாதா?"

நான் அழுதேன். அவள் என்னை அழவிட்டுவிட்டுக் கைகழுவி வந்து கோப்பி கலக்கினாள். கல்யாணத்தை எப்படியும் அடுத்த லீவுக்குத்தான் வைக்கப்போகிறேன், எனக்கு மனசே சரியில்லை என்றேன். அக்கா குவளையை என் கையில் அழுத்தமாக வைத்தாள்.

"தள்ளிப் போடாத. தபசுலயே வை."

தபசில்தான் வைத்தோம். பீடத்தில் ஒரு பூ இல்லை, ஆர்கன் இல்லை, சுரூபங்களுக்கு ஊதாத் திரை. சம்பந்தி வீட்டாருக்கு முகம் அவ்வளவு நன்றாக இல்லை. கல்யாணம் ஆகாதவள் முன்னால் உட்காரலாமா என்று அவர்கள் பக்கத்தில் யாரோ கேட்டதும் என் காதில் விழுந்தது. கேட்டால் கேட்கட்டும் என்று அக்காவை முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். சாமியார் தாலியை மந்திரித்து மாப்பிள்ளை கையில் கொடுத்ததும் அக்கா எழுந்து நின்றாள். வேறு யாரும் எழவில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்தது, சாமியார் செபத்தை முடித்தார், பாட்டும் தொடங்கிவிட்டது. அக்கா நின்றுகொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து அவளை உட்காரவைத்தேன்.